தேதி கிழித்த பேப்பர்

பன்னிரண்டரைச் சங்கு ஊதி, தூக்குப்போசியைத் திறந்து, முதல் வாய்ச் சோறு உள்ளே இறங்குவதற்குள் ராசப்பன் மாஸ்டர் கேட்டுவிடுவார். "ஏப்பா சாமியப்பா, ஒலகம் எங்க வந்து நிக்குது?" பெருமாநல்லூர் பஸ் எங்கே வந்து நிற்கிறது என்று கேட்கிற அதே குரல்தான். சாமியப்பன் இடது கையால் பேப்பரை விரித்து, வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே படிப்பான். அறுபத்தேழாம் வருசம் வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அப்படித்தான் படித்தான். ஜெரூசலம் பழைய நகரம் இஸ்ரேல் வசம் என்று தலைப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், மாஸ்டரின் கை அரிசிம்பருப்புச் சோற்றுக்குள் அப்படியே நின்றுபோயிருந்தது.

இரண்டு பேரும் அந்தப் பனியன் கம்பெனியில் பதினைந்து வருசமாக ஒரே கட்டிங் மேசையின் இரண்டு பக்கம் நின்றவர்கள். பிளீச்சிங்கிலிருந்து வந்த துணியை ஒருவர் அந்த ஓரமும் ஒருவர் இந்த ஓரமுமாகப் பிடித்து, உதறி, ஒன்றின் மேல் ஒன்றாக நாற்பது அடுக்கு விரிக்க வேண்டும். அட்டை வைத்து சாக்குக்கட்டியால் மார்க் போடுவதும் கத்தரி பிடிப்பதும் மாஸ்டர் வேலை. கட்டின பெண்டாட்டி முகத்தைக்கூட மனுசன் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்று, எதிர்ப்பக்கம் பனியன் மடித்துக்கொண்டிருக்கும் மயிலாள் கேலி செய்வாள். அவள் வாய்க்குப் பயந்து மொதலாளியே அந்தப் பக்கம் வருவதில்லை.

சாமியப்பன் முருகனுக்கு நேர்ந்துகொண்டவன். தைப்பூசத்துக்கு எந்த வருசமும் பழனி நடை தவறியதில்லை. மாஸ்டர் ரயிலடிக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கூரை ஜெபக்கூடத்தில் சபைப் பெரியவர், மூப்பர். இவன் திருநீற்றைப் பார்த்து அவர் முகம் சுளித்ததில்லை, அவர் வேதபுத்தகத்தைப் பார்த்து இவன் சிரித்ததில்லை. கொஞ்சம் சிரித்ததுண்டு, பொய் எதற்கு. பேப்பரில் வருகிற ஒவ்வொரு சேதிக்கும், கர்த்தர் திரும்பி வருவதற்கான அடையாளமாக, அந்தப் புத்தகத்தில் மாஸ்டர் ஓர் இடம் வைத்திருந்தார். ருசியாக்காரன் வடக்கத்தி ராசா. எகிப்துக்காரன் தெற்கத்தி ராசா. ஐரோப்பாவில் ஆறு நாடு சேர்ந்து ஒரே சந்தை வைத்தபோது, உலக முடிவில் வருகிற பத்துக் கொம்பு மிருகத்துக்கு ஆறு கொம்பு முளைத்தாயிற்று என்று மேசைக்குப் பின்னால் சுவரில் ஆறு கோடு போட்டு வைத்தார். வெள்ளையடிக்க வந்தவன்கூட அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் அடித்தான்.

இத்தனைக்கும் அவரால் பேப்பர் படிக்க முடியாது. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவி ஆணா பெண்ணா என்று சொல்வார், கையிலிருக்கும் எழுத்து கலங்கும். தலைப்பை மட்டும் கையை நீட்டிப் பிடித்து எழுத்துக் கூட்டிவிடுவார். கண்ணாடி வாங்கச் சொன்னால், "கர்த்தரு வர்றப்ப புதுக்கண்ணு குடுக்கப்போறாரு, நடுவால எதுக்குப்பா தண்டச் செலவு?" என்பார். அதனால்தான் சாமியப்பன் அவருக்குக் கண்.

அறுபத்திரண்டு தை மாதத்தில் எட்டுக் கிரகமும் ஒரே வீட்டில் கூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று ஊரே கலங்கியபோது சாமியப்பன் மூன்று நாள் லீவு கேட்டான். "நாளைக்கு ஒலகமே இல்லீன்னா லீவு எதுக்குப்பா எளுதிக் குடுக்கறே?" என்று மாஸ்டர் கேட்டதில் கம்பெனியே சிரித்தது. உலகம் அழியவில்லை. நாலாம் நாள் சாமியப்பன் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்கு வந்தான். அதே வருசம் ஐப்பசியில் சீனாக்காரன் எல்லை தாண்டி வந்தான். அப்போது மாஸ்டரின் முறை. கிழக்கத்தி ராசாக்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்றார். சிரிப்பதற்கு யாருக்கும் மனசில்லை, ஏனென்றால் அந்த வாரம்தான் அவர் மகள் ஆயம்மாளுக்குத் தாராபுரத்திலிருந்து வந்த நல்ல இடத்தை, முடிவு நெருங்கிவிட்டது, வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தார். சீனாக்காரன் ஒரு மாதத்தில் திரும்பிப் போனான். தாராபுரத்து மாப்பிள்ளை தையில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஆயம்மாளுக்கு அப்போது பத்தொன்பது.

இப்போது இருபத்துநாலு. ஐந்து வருசம் கழித்துப் பெருமாநல்லூரில் ஓர் இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை பவர்லூம் மெக்கானிக், அமைதியான பையன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற வருகிறார்கள். இதுவும் தவறினால் அப்புறம் அந்தப் பெண்ணைக் கேட்டு யார் வரப்போகிறார்கள்? அதை நினைத்துத்தான் சாமியப்பன், தலைப்பைப் படித்த வாயாலேயே, அடடா இதை விழுங்கியிருக்கலாமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"முடிஞ்சுதுப்பா," என்றார் மாஸ்டர்.

"என்னங் மாஸ்டர் முடிஞ்சுது?"

"எல்லாந்தான். மத்த சாதிசனத்தோட காலுக்கடியில கெடந்த எருசலேம் பட்டணம், திரும்ப யூதருங்க கைக்கே வந்துருச்சு. இதுக்கு மேல நாளில்ல. அவரு வாசப்படியில நிக்கறாரு." அவர் கண்ணில் தண்ணீர் திரண்டிருந்தது. பயந்த முகமில்லை அது. ஊரிலிருந்து வரும் ரயிலை எதிர்பார்த்து ஸ்டேஷனில் நிற்பவன் முகம்.

"ஞாயித்துக்கெழம பெருமாநல்லூர்க்காரங்க வர்றாங்களேங்க?"

"வர வேண்டாம்னு சொல்லியுட்டுர்றேன். நாளைக்குப் பொழுதோட அந்தப் பஸ்சு கண்டக்டருகிட்டச் சொன்னாப் போயிச் சொல்லிப்போடுவான். நோவா காலத்துல சனங்க பொண்ணெடுக்கறதும் பொண்ணுகுடுக்கறதுமா மும்முரமா இருந்தப்பத்தானே வெள்ளம் வந்துச்சு? தெரிஞ்சிருந்தும் நானும் அந்தக் கும்பல்ல போயி நிக்கோணுமா?"

சாமியப்பனுக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தான். அதற்குள் மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேசையைப் பார்த்துப் பேசினார். "மரிச்சவங்கதான் மொதல்ல எந்திரிப்பாங்க. அவ எந்திரிச்சு வருவாப்பா. நாலு நாளோ, நாலு மாசமோ. அவ இல்லாம முடிச்சுப்போட்டேன்னு அவ மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்?"

அவள் என்றது மாஸ்டரின் பெண்டாட்டி சின்னாத்தாளை. ஐம்பத்தெட்டில் காய்ச்சலில் போனவள். கடைசி நாள், பதினைந்து வயசு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய உட்டுப்போட்டு இவ கண்ணாலத்தப் பண்ணிப்போடாதீங்க," என்று சிரித்தாளாம். சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ஆனால் மாஸ்டர் அதைக் கல்லில் வெட்டின எழுத்தாகப் பிடித்துக்கொண்டார். வடக்கத்தி ராசா, கிழக்கத்தி ராசா, பத்துக் கொம்பு எல்லாம் எதற்கென்று சாமியப்பனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இந்த மனுசனுக்கு உலகம் அழியவெல்லாம் வேண்டாம். பெண்டாட்டி திரும்பி வந்தால் போதும். திறந்த வாயை மூடிக்கொண்டு தூக்குப்போசியைக் கழுவப் போனான்.

நாலு மணி டீக்கு ஆயம்மாள், அவளும் அதே கம்பெனிதான், தையல் செக்‌ஷனிலிருந்து வந்து குழாயடியில் நின்றாள். மயிலாள் வாய்க்குள் சேதி நின்றால்தானே. ஆயம்மாள் அழவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே பேசினாள்.

"அப்பன் சொல்றது நெசமாவே இருக்கட்டுங் சித்தப்பா. கர்த்தர் வரட்டும். கண்ணாலம் ஆனவளா நின்னா என்னையக் கூட்டிட்டுப் போகமாட்டேன்னுருவாருங்களா?"

சாமியப்பன் குடிக்காத டீயைக் குழாயடியில் கொட்டிவிட்டு கிளாஸைக் கழுவினான்.

"போன தடவ நா ஒண்ணுமே பேசுலீங்க. அம்மா வருவாங்கன்னு நானுந்தான் நம்புனேன். ராத்திரியெல்லாம் கதவத் தாப்பாப் போடாமப் படுத்திருந்தமுங்க, அப்பனும் நானும்." சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி சாமியப்பன் பாயை விரித்து உட்கார்ந்தான். நாளைக்கு ஏதாவது இட்டுக்கட்டிப் படித்துவிடலாமா என்று யோசித்தான். முடியாது. மாஸ்டர் பேப்பரை வாங்கித் தலைப்பைத் தானே எழுத்துக் கூட்டிப் பார்ப்பார். அச்சிலே இருந்தால்தான் அவருக்குச் சேதி. முருகனை வேண்டிக்கொண்டு படுத்தான். ஏசு சம்பந்தப்பட்ட விசயத்துக்கு முருகனைக் கூப்பிடுவது முறையா என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

முருகனோ யாரோ, வழியைக் காட்டினார்கள். துணியில் மேசை அழுக்கு ஒட்டாமலிருக்க முதல் அடுக்குக்கு அடியில் பழைய பேப்பர் விரிப்பது கம்பெனி வழக்கம். காதர்பேட்டை எடைக்கடையிலிருந்து மூட்டையாக வாங்கிப் போட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பரப்பிக்கொண்டிருந்தபோது, சாமியப்பன் கையில் ஒரு தாள் நின்றது. கொட்டை எழுத்துத் தலைப்பு: பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் வாபஸ். தேதியைப் பார்த்தான். ஐம்பத்தேழாம் வருசம் மார்ச் மாதம். சூயஸ் கால்வாய்ச் சண்டை முடிந்த சமயத்துச் சேதி. பத்து வருசத்துக்கு முன்னால் நெசமாக நடந்தது.

மாஸ்டர் பிளீச்சிங் துணியை எண்ணி வாங்கப் போயிருந்தார். சாமியப்பன் தாளின் மேல் விளிம்பை, தேதி இருந்த பட்டையை, கையால் கிழித்தான். கிழித்ததை உருட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். நிமிர்ந்தால் மயிலாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாய், ஊரைக் கூட்டுகிற வாய், ஒரு சொல் பேசவில்லை. மடிக்கிற பனியனைக் குனிந்து மடித்தாள்.

சங்கு ஊதியது. "ஒலகம் எங்க வந்து நிக்குது?" என்றார் மாஸ்டர்.

சாமியப்பன் படித்தான். நாக்கு ஒட்டியது. தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தான். உலக நாடுகளின் வற்புறுத்தலுக்கு இணங்க, இஸ்ரேல் துருப்புகள் தாம் பிடித்த பகுதிகளைக் காலி செய்து எல்லைக்குத் திரும்பின. ஊர் பெயர்களை அப்படியே படித்தான். மாசத்தின் பெயர் வந்த இடத்தில் மட்டும் ஓர் இருமல் இருமினான்.

"அதுக்குள்ளயா?"

"வாபஸ்னு போட்டிருக்குதுங்."

"எருசலேமையுமா உட்டுட்டாங்க?"

"புடிச்ச எடத்தையெல்லாம்னு போட்டிருக்குதுங் மாஸ்டர்." தான் பொய் சொல்லவில்லை, அச்சில் இருப்பதைத்தான் சொல்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாஸ்டர் கையை நீட்டினார். தாளை எட்டப் பிடித்து, இ-ஸ்-ரே-ல் என்று உதடசைத்துக் கூட்டினார். அப்புறம் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். துணி வந்து இறங்கினால் அப்படித்தான் தேய்த்துப் பார்த்து, நூல் என்ன நெம்பர் என்று சொல்வார். ரொம்ப நேரம் தேய்த்தார்.  சாமியப்பனால் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த முகத்திலிருந்து, ரயில் வராத ஸ்டேஷனைப் போல, என்னவோ ஒன்று காலியாகிக்கொண்டிருந்தது. ஐயோ, நான் எதைப் பிடுங்கிக்கொண்டேன் இவரிடமிருந்து என்று நினைத்துக்கொண்டான்.

மாஸ்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, கையக் கழுவிப்போட்டு வா. துணி விரிக்கோணும்."

சாயங்காலம் சங்கு ஊதியதும் சாமியப்பன் மாஸ்டருக்குப் பின்னாலேயே போனான். பெருமாநல்லூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் அவனைப் பார்த்தார், அவனும் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பதிலுக்குத் தலையாட்டிவிட்டு நேராக நடந்துவிட்டார். சாமியப்பன் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

அதோடு போயிற்றா? சனிக்கிழமை மத்தியானம் உள்ளூர்ச் சேதியை மட்டும் படித்தான், மாஸ்டரும் பேப்பரை வாங்கிப் பார்க்கவில்லை, ஆனால் ராத்திரிக்கு ரேடியோ இருந்தது. முனிசிபல் பார்க்கில் ஏழு மணிக்கு ரேடியோ சேதி சொல்லும், அதை நாலு தெருவுக்கு அலற விடுவார்கள். "செருப்பு தெக்கோணுமுங், வாங்க மாஸ்டர்," என்று பார்க்குக்கு எதிர்த்திசையில் ஒரு மைல் சுற்றி அழைத்துப்போனான். செருப்பில் ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை. தைப்பவன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இவன் முகத்தைப் பார்த்தான். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெருமாநல்லூர்க்காரர்கள் வந்தார்கள். பந்தி உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா, படித்த மனுசன், ஆரம்பித்தார். "பேப்பர்ல பாத்தீங்களா சம்பந்தி, அந்த எருசலேம..." சாமியப்பன் கையிலிருந்த பாயசக் கரண்டி தட்டில் விழுந்தது. மாஸ்டர் சட்டென்று, "அந்தப் பேச்சு இப்ப எதுக்குங்க, எலை போட்டாச்சு, சாப்புடுங்க," என்று அவர் இலையில் தானே ஒரு கரண்டி நெய் விட்டார். நெய்யைக் கண்டதும் பெரியப்பாவுக்கு எருசலேம் மறந்துபோயிற்று. முருகா, காப்பாற்றினாய் என்று சாமியப்பன் நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தைரியமில்லை.

தட்டு மாற்றியாயிற்று. கொடுத்த வாக்கை இந்தப் பக்கத்தில் யார் திருப்பி வாங்குவார்கள்? ஆவணியில் ஜெபக்கூடத்தில் கல்யாணம். ஆயம்மாள் வெள்ளைப் புடவையில் வந்து, மணமேடைக்குப் போவதற்கு முன்னால் சாமியப்பன் காலைத் தொட்டாள். ஜெபக்கூடத்தில் அந்த வழக்கம் கிடையாது. மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் மட்டும் ஜன்னல் வழியே வெளியே, கல்லறைத் தோட்டம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் எல்லாம் பழையபடி ஓடியது. சோறு, பேப்பர், உலகம். எருசலேமை மட்டும் அவர் அப்புறம் கேட்கவே இல்லை. சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று சாமியப்பன் ஆறு வருசம் நினைத்தான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனி மலையில் வைத்து, இறங்கியதும் சொல்லிவிடுகிறேன் என்று சத்தியம் செய்வான். மலையிலிருந்து இறங்க இறங்கத் தைரியமும் இறங்கிவிடும்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் சாமியப்பனுக்கு முதலில் வருவது ஒரு வாசனைதான். பிளீச்சிங் துணியின் காரமும், பழைய பேப்பரின் மக்கலும், மாஸ்டரின் தூக்குப்போசியிலிருந்து வரும் நெய் வாசமும் சேர்ந்த ஒன்று. பிறகு வந்த எந்தக் கம்பெனியிலும் அது இல்லை. அங்கெல்லாம் கட்டிங் மெஷின் வந்து, ஆள் பேசுவது ஆளுக்கே கேட்காமல் போய்விட்டது.

எழுபத்துமூன்று புரட்டாசிக் கடைசியில் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் மறுபடியும் சண்டை மூண்டது. தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சமயம். ஐரோப்பாச் சந்தையில் இன்னும் மூன்று நாடு சேர்ந்து, சுவரில் கோடு ஒன்பதாகியிருந்தது. "இன்னும் ஒண்ணேதான் பாக்கி," என்று மாஸ்டர் அதைத் தட்டிக்காட்டுவார். அவருக்குக் கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் கத்தரி பிடித்தால் நடுக்கம் எங்கேயோ ஒளிந்துகொள்ளும். சங்கு ஊதியது. சாமியப்பன் பேப்பரை எடுத்தான். தலைப்பைப் பார்த்ததும் அதைப் பாதியாக மடித்தான்.

மாஸ்டர் அதைப் பார்த்தார். தூரத்துப் பார்வைக்காரர், மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பது நன்றாகவே தெரியும்.

"ஏப்பா சாமியப்பா," என்றார், "இன்னிக்காச்சும் இன்னிக்குப் பேப்பரப் படி."

மயிலாள் மடிப்பதை நிறுத்தினாள். சாமியப்பனுக்குக் காது இரண்டும் சுட்டது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்புகளில் இற்றுப்போய், பின்னால் பனியன் துணி ஒட்டித் தைத்திருந்தது. ஆயம்மாளின் தையல்.

"அப்பவே பதினஞ்சு வருசம் எம்பட மேசையில நின்னவன். கத்தரி பக்கத்துலயே கெடக்குது. இப்பிடியா கோணக் கிழிப்பாங்க?"

"மாஸ்டர்... நானு..."

"தொட்ட ஒடனே தெரிஞ்சுதுப்பா. புதுப்பேப்பரு இப்பிடி மக்கிப்போயா இருக்கும்?"

"தெரிஞ்சுமாங்க?" சாமியப்பன் அழுதுவிட்டான். நாற்பத்திரண்டு வயசு, எதிரில் மயிலாள் இருக்கிறாள், அதெல்லாம் தோன்றவே இல்லை. "தெரிஞ்சும் எதுக்குங் மாஸ்டர் ஒண்ணுஞ் சொல்லுலீங்க?"

 மாஸ்டர் தாளின் கோணல் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். வாசலில் ஆயம்மாள் பெற்ற பெண், நாலு வயசுச் சின்னாத்தாள், அப்புச்சிக்கு மோர் கொண்டுவந்த சொம்போடு வாட்ச்மேனிடம் வழக்காடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்பவும் பையில் வைத்தார்.

"இது எனக்கு வேணும். அவ எந்திரிச்சு வந்து, எனக்குக் காத்திருக்காமப் புள்ளயக் கட்டிக்குடுத்துட்டீங்களான்னு கேப்பாள்ல? அப்ப எடுத்துக் காட்டுவேன். எம்பட தப்பில்ல, சாமியப்பந்தான் இப்பிடிப் படிச்சான், அவனையவே கேளுன்னு."

சாமியப்பன் அழுகையோடு சிரித்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு அன்றைய பேப்பரைப் படித்தான். எகிப்துப் படை கால்வாயைத் தாண்டிவிட்டது, இரண்டு பக்கமும் டாங்கிகள், எரிகிற ஊர்கள். ஒரு வரியும் விடவில்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, பேத்தி கொண்டுவந்த மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு, முழுக்கக் கேட்டார்.

வேலைச் சங்கு ஊதியது. பழைய பேப்பர் மூட்டை தீர்ந்திருந்தது. படித்து முடித்த பேப்பரையே பிரித்து மேசைமேல் பரப்பினார்கள். மாஸ்டர் அந்த ஓரம், சாமியப்பன் இந்த ஓரம். "ம், புடி," என்றார். உதறினார்கள். வெள்ளைத் துணி காற்றை வாங்கிக்கொண்டு மேலே எழும்பி, மாஸ்டரின் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றது. அது இறங்கட்டும் என்று சாமியப்பன் தன் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.